இரண்டு எஞ்சினும் பத்து விரலும்

மெக்கானிக் கருத்த எண்ணெய்க்குள் காந்தத்தை விட்டு மூன்று சுற்றுச் சுற்றி வெளியே எடுக்கிறார். காந்தத்தின் முனையில் சாம்பல் நிற இரும்புத்தூள், பூனை மீசை மாதிரி. அதைக் கட்டைவிரலால் வழித்து வெள்ளைக் காகிதத்தில் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தயாராக இருக்கும் இன்னொரு காகிதத்தின் பக்கத்தில் வைக்கிறார். இடது காகிதம் சிவப்பு வண்டியின் முதல் எண்ணெய். வலது, நீல வண்டியினுடையது. இரண்டும் ஐம்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கின்றன. "பயப்படாதீங்க, புது எஞ்சினுக்கு இது பால் பல்லு விழுற மாதிரி," என்கிறார் வாங்க வந்த நில அளவைக்காரரிடம். "விழணும். விழுந்தத வெளிய எடுத்துப் போட்டுடணும். எடுக்காம ஓட்டுனா வண்டி அதையே மென்னு தின்னு செத்துப்போகும்."

நில அளவைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: எது நல்ல வண்டி? முக்கால் மணி நேரமாக அவருக்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது தப்பு. கடிகாரம் பார்க்கிறவர்களுக்குத் தராசு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஊரே அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. ஒரு பொருளைத் தனியாகப் பார்க்க அவரால் முடியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். காய்கறிக் கடையில் இரண்டு தக்காளியை இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்கிற நிற்பைப் பார்த்துக் கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். முடி வெட்டக்கூட ஒரு மாதம் ஒரு கடை, மறு மாதம் எதிர்க்கடை. அவர் மனைவியை நான் அண்ணி என்று அழைக்கிறேன். அண்ணி இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "நல்லவேளை, எனக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்ல. இருந்திருந்தா இவரு இன்னும் யோசிச்சுக்கிட்டேதான் இருப்பாரு," என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் மாடி. மோட்டார் சைக்கிள் என்றால் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவில் சத்தம் என்ற அளவில் இருந்த என் ஞானம், மூன்று வருடம் அவருக்கு மேலே வசித்ததில் கொஞ்சம் கூடியிருக்கிறது. கூடாமல் இருக்க விடமாட்டார்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை. மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் திறந்து ஒரு மண்சரிவைப் பார்த்திருக்கும். சரிவுக்கு அப்பால் மலை. தார்ச்சாலை ஒன்பது கிலோமீட்டரில் முடிந்துபோகும். அதற்குமேல் கல், சேறு, பாலமில்லாத ஓடைகள், அவற்றுக்கு நடுவே ஆட்கள் வாழும் பதினேழு குடியிருப்புகள். மேலே போகவேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு உயரமான, கனமில்லாத, கல்லில் குதிக்கிற வண்டி வேண்டும். ஜப்பான் வண்டி ஒன்றின் விலைக்குச் சீன வண்டி மூன்று வாங்கலாம் என்பதால் சீன வண்டி வாங்குகிறார்கள். அவை இரும்புக் கூண்டில், முன்சக்கரம் தனியாக, ஹேண்டில் கட்டிப்போடப்பட்டு, கைதி மாதிரி வந்து இறங்கும். அவற்றைக் கூண்டிலிருந்து எடுத்து வண்டியாக்கித் தருவது தராசின் வேலை.

இரண்டு மணி நேர வேலை என்று இறக்குமதி செய்கிற முதலாளி நினைக்கிறார். தராசுக்கு இரண்டு நாள். தொழிற்சாலை முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, பசை தடவி, மறுபடி முடுக்கி, அதன் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவார். ஹேண்டில் திரும்புகிற கழுத்து பேரிங்கைத் திறந்து பார்ப்பார். கிரீஸ் இருக்காது. இருந்தாலும் குழந்தைக்குப் பவுடர் பூசின அளவில்தான் இருக்கும். ஆனாலும் யாராவது சைனா வண்டி என்று உதட்டைப் பிதுக்கினால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "வண்டி மோசம் இல்லீங்க. அவசரம். முக்கால்வாசி சமைச்சுட்டு எறக்கி வச்சுட்டாங்க. மிச்சக் கால்வாசிய நாம சமைக்கணும், அவ்ளோதான்." பெட்ரோல் டாங்கில் எட்டு விதமான பெயர் ஒட்டி வந்தாலும் உள்ளே இருப்பது இரண்டே இரண்டு எஞ்சின்தான் என்பது அவர் கட்சி. "சட்டைதான் வேற வேற. உள்ள இருக்குற ஆளு ரெண்டு பேருதான்."

அந்த இரண்டு பேரைத்தான் அவர் வருடக்கணக்காக எடை போடுகிறார். ஒன்று சிவப்பு வண்டியில் வருவது, இன்னொன்று நீல வண்டியில் வருவது. கொள்ளளவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசத்தை எனக்கு அவர் விளக்கிய விதம் இது: எஞ்சினின் தலையில் இரண்டு கதவு இருக்கிறது, ஒன்று காற்றுக்கு, இன்னொன்று புகைக்கு. நேரத்துக்கு நேரம் அவற்றைத் திறந்துவிட ஒரு வேலைக்காரன் வேண்டும். சிவப்பில் அவன் கீழ்வீட்டில் இருக்கிறான். நீளமான கம்பியால் கீழேயிருந்தே கதவைத் தள்ளுகிறான். அதனால் அதற்குப் புஷ்ராடு எஞ்சின் என்று பெயர். நீலத்தில் அவன் கதவுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டான். "உங்கள மாதிரிதான் மாடி, மேல உக்காந்துக்கிட்டு வேலை பாக்குறான். சுறுசுறுப்பாத்தான் இருக்கான். ஆனா கீழேருந்து அவனுக்கு ஒரு செயின் போகணும், செயின இழுத்துப் பிடிக்க ஒருத்தன் வேணும். செலவு பிடிச்ச ஆளு."

நீலத்தில் இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதால் எஞ்சின் உதறும் அல்லவா, அந்த உதறலை அடக்க உள்ளே ஒரு கனமான உருளை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதைப் பேலன்சர் என்கிறார்கள். சிவப்பில் அது கிடையாது. தராசுக்குப் பேலன்சரைக் கண்டால் ஆகாது. வேலை செய்யாதவனுக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி அவருக்குத் தோன்றும். "இல்லாத உறுப்பு ஒடையாதுங்க," என்று அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

கூண்டோடு வரும் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, கட்டம் போட்டு, மதிப்பெண் எழுதிச் சுவரில் ஆணியடித்திருந்தார். கிளம்புவது, மேடேறுவது, சூடு, எத்தனை ஸ்பேனரில் பிரிக்கலாம், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று ஐந்து பாடம். சிவப்பு நாற்பத்தொன்று, நீலம் முப்பத்தாறு. ஒவ்வொரு வண்டியையும் எதிர்ச்சரிவில் பத்து நிமிடம் தானே ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் எழுதுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் முகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதுவது வண்டியா அவரா என்று சந்தேகமாக இருக்கும்.

கையைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வருடம் சுத்தியலும் கிரைண்டரும் பிடித்த கை. உள்ளங்கை மரப்பலகை மாதிரி ஒரே நிறமாக இருக்கும். நான் கைக்குட்டை சுற்றிப் பிடித்திருக்கும் தேநீர் டம்ளரை அவர் அடியில் கைகொடுத்து ஏந்தி, ஆற அமரப் பேசிக்கொண்டிருப்பார். அப்போதுதான் நிறுத்திய எஞ்சினின் பிளக்கைத் துணியில்லாமல் திருகி எடுப்பார். பார்க்கிறவர்கள் 'ஐயோ' என்பார்கள். அதற்காகவே எடுப்பார் என்று அண்ணி சொல்வதில் உண்மை இருக்கிறது. "இந்தக் கைக்கு ஒண்ணும் ஆகாது," என்பதில் அவருக்கு ஒரு சின்னக் கர்வம்.

அவருடைய பெரிய கர்வம் தங்கையின் வண்டி. தங்கை மலைக்குப் போகும் நர்ஸ். நாற்பத்திரண்டு வயது, அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. தடுப்பூசி மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரமாவது வண்டியில் இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சிவப்பு வண்டி தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தராசுதான். அதிலிருந்து பட்டறைக்கு வருகிற யாரும் அந்த வாக்கியத்தைக் கேட்காமல் போனதில்லை: "ரெண்டு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வழியில நின்னதில்ல." மாதம் ஒருமுறை பாப்பா எண்ணெய் மாற்ற வருவார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் தராசு எழுந்து நின்று, "வண்டி எப்படிம்மா இருக்கு?" என்பார். "நல்லா இருக்குண்ணே." அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நில அளவைக்காரர் போன்றவர்களை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த வண்டியின் புகழ் சுகாதார நிலையத்துக்கும் போனது. அங்கிருக்கும் பெரிய டாக்டர் ஒரு பெண்மணி, சுருக்கமாகப் பேசுகிறவர். மலைக்குப் போகும் மற்ற நான்கு நர்ஸுகளுக்கும் வண்டி வாங்க அனுமதி வந்திருந்தது. எந்த வண்டி என்று தராசு வெள்ளிக்கிழமை வந்து சொல்லவேண்டும், சொன்னதை அன்றே எழுதி அனுப்பிவிடுவார்கள். "சொல்றதுக்கு என்ன இருக்கு, உங்க தங்கச்சி வண்டியே சாட்சி," என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தராசு ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, எழுத்துகளின்மேல் மறுபடி ஒருமுறை பேனா ஓட்டி வைத்தார்.

புதன்கிழமை பாப்பா வந்தார். வெளியே மழை, நானும் பட்டறையில் ஒதுங்கியிருந்தேன். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். தராசு எண்ணெயை வடியவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கிழிந்த சீட் உறை ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர், "பாப்பா, இந்த ஊசியில நூலக் கோத்துக் குடேன், மழை இருட்டுல கண்ணே தெரியல," என்று நீட்டினார்.

பாப்பா வாங்கினார். நூல் ஊசியின் காதுக்கு மேலே போனது. பிறகு கீழே போனது. நாக்கில் ஈரப்படுத்தி இன்னொருமுறை முயன்றார். ஊசி விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் அதைத் தரையிலிருந்து கிள்ளி எடுக்க முடியாமல், உள்ளங்கையை ஊசிமேல் ஒட்டித் தூக்கப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் செய்தார். ஊசி போடுவதையே தொழிலாக வைத்திருப்பவரின் கை அது. அண்ணி சிரிக்கவில்லை.

"கையக் காட்டு," என்றார் அண்ணி.

"ஒண்ணும் இல்ல அண்ணி. குளிரு."

"போன மாசமும் டம்ளர ரெண்டு கையால பிடிச்சுத்தான் குடிச்ச. போன மாசம் வெயிலு."

தராசு எண்ணெய்த் தட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பாப்பா மழையைப் பார்த்தபடியே மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். வண்டியை விட்டு இறங்கியதும் விரல்கள் மரத்துப்போகும். முதலில் பத்து நிமிடத்தில் சரியாகும். இப்போதெல்லாம் மதியம்வரை ஆகிறது. மேலே போனதும் பதிவேட்டைத் திறந்துவைத்து எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருப்பாராம், விரல் திரும்பி வரும்வரை. "குழந்தை தொடையப் பிடிக்கிறேன்ல, பிடிச்சிருக்கேனா இல்லையான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. கைக்குத் தெரியல."

"ஏன் சொல்லல?" தராசு குரல் எழும்பிவிட்டது. "மாசா மாசம் கேட்டேன்ல? எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்டேன்ல?"

"வண்டி எப்படி இருக்குன்னுதானே கேட்ட. வண்டி நல்லா இருக்குண்ணே."

எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. போகவும் முடியவில்லை. பாப்பா இன்னும் மெதுவாகச் சொன்னார்: "சொன்னா என்ன ஆகும் தெரியும்ல. மேஜையில உக்கார வச்சு ரெஜிஸ்டர் எழுதச் சொல்லிடுவாங்க. நான் போற ஊருக்கெல்லாம் என்னைத்தான் தெரியும். புதுசா ஒருத்தி போனா அம்மாக்காரங்க பிள்ளைய ஒளிச்சு வச்சுடுவாங்க. அதோட நீயும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க, ரெண்டு வருஷம் நிக்கலன்னு." கடைசி வாக்கியத்தில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அது அவரை அப்படித் தாக்கியது என்று நினைக்கிறேன்.

தராசு போய்ச் சிவப்பு வண்டிக்கு எண்ணெய் ஊற்றினார். கிளப்பினார். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, முறுக்கி, ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாடி, பிடிச்சுப் பாருங்க. ஆடுதா?"

பிடித்தேன். ஆடுகிறதாவது! முழங்கைவரை குடுகுடுவென்று ஏறி, என் பல் ஒன்றோடொன்று பேசியது. சொன்னேன்.

"எனக்குத் தெரியலையே," என்றார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரை மூன்று வருடமாகப் பார்க்கிறேன். வண்டி பற்றிய ஒரு விஷயத்தில் "தெரியலை" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

யோசித்துப் பார்த்தால் தப்பு எளிமையானது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, மூன்று மணி நேரம் ஓட்டுகிறவருக்கு வண்டி தேர்ந்தெடுத்திருக்கிறார். அதையும் உணர்ச்சி செத்த ஒரு கையால் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவரைப் போல எச்சரிக்கையான ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எச்சரிக்கை இல்லாதவன் நிறத்தைப் பார்த்து வாங்கியிருப்பான், பாதிக்குப் பாதி நீலம் வந்திருக்கும்.

அன்றே பாப்பாவின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, முதலாளியிடம் கேட்டு, ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் நீல வண்டியைக் கொடுத்து அனுப்பினார். "மலைக்குப் போகாதன்னு சொல்ல நான் யாரு. இதுல போ. கைப்பிடிக்கு ரப்பர் போட்டா சிவப்புலயும் கொஞ்சம் கொறையும். கொஞ்சம்தான் கொறையும்."

வியாழக்கிழமை காலை ஒரு புதிய பரீட்சை நடந்தது. கூண்டிலிருந்து பிரித்த சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டையும் இரும்பு முக்காலியில் ஏற்றி, கியர் போடாமல், மலையேறும்போது வைக்கிற அளவு முறுக்கில் ஓடவிட்டார். நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் சூடேறிவிடும் என்பதால் எதிரே பெரிய மின்விசிறி. தன் கையை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டதால் வேறு கை வேண்டியிருந்தது. அண்ணியையும் என்னையும் பிடித்தார். ஒவ்வொரு வண்டியிலும் அரை மணி நேரம் ஹேண்டிலைப் பிடித்திருக்கவேண்டும். இறங்கியதும் அண்ணி ஊசியில் நூல் கோக்கவேண்டும், நான் கையெழுத்துப் போடவேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, கை பழையபடி ஆவதற்கு.

அண்ணி சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, முழங்கையை இறுக்கி, பிடிவாதமாக அரை மணி நேரம் பிடித்தார். இறங்கியதும் தராசு அவர் கையைத் தன் கையில் வாங்கி ஒவ்வொரு விரலாக அழுத்தி, "தெரியுதா? இது தெரியுதா?" என்று கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "பாத்துக்கங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் மனுஷன் என் கையப் பிடிச்சு ஏதாவது தெரியுதான்னு கேக்குறாரு. அதுவும் எல்லாம் மரத்துப்போனதுக்கப்புறம்." தராசு சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

சிவப்பில் இறங்கிய பிறகு அண்ணி ஏழாவது முயற்சியில்தான் நூல் கோத்தார். நீலத்தில் இறங்கிய பிறகு இரண்டாவது முயற்சியில். என் கையெழுத்து சிவப்புக்குப் பிறகு வங்கியில் கொடுத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்ற நிலையில் இருந்தது. நீலத்துக்குப் பிறகு வழக்கம்போல் மட்டமாக இருந்தது. அட்டையின் ஓரத்தில் இடம் இல்லாததால் இன்னொரு துண்டை ஒட்டி, ஆறாவது பாடமாகக் 'கை' என்று எழுதினார். சிவப்புக்கு நேரே பூஜ்யம் போட்டார். பேனாவை எடுக்காமல் அந்தப் பூஜ்யத்தின் மேலேயே நாலைந்து தடவை சுற்றினார். மொத்தம் போடவில்லை.

"சிவப்பு கெட்ட வண்டி இல்ல மாடி," என்றார் சாயங்காலம், யாரும் கேட்காமலே. "அளவைக்காரரு அரை கிலோமீட்டருக்கு ஒருக்கா எறங்கி நிப்பாரு. அவருக்கு அதுதான் சரி. நான் வண்டியையும் வண்டியையும் வச்சுப் பாத்தேன். மேல உக்காருற ஆளப் பாக்கவே இல்ல." பிறகு ஸ்பேனர்களைத் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டினார். அன்றைக்கு அவை ஏற்கெனவே துடைத்து மாட்டியவைதான்.

வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையெழுத்துச் சாட்சி நான்தான் என்று காரணம் சொன்னார். சுகாதார நிலையத்தில் டாக்டரின் அறை சின்னது. ஒரு மேஜை, எதிரே ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான்கு நர்ஸுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா கதவோரம் நின்றார், கைகளை வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டு. வராந்தாவிலேயே அவர் அண்ணனை மடக்கியிருந்தார். "அண்ணே, எந்த வண்டின்னு வேணா சொல்லு. என் கைய மட்டும் இழுக்காத. உன் கால்ல விழுறேன்." தராசு அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"சொல்லுங்க," என்றார் டாக்டர். "சிவப்புதானே?"

"நீலம் டாக்டரம்மா."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "போன வாரம்வரைக்கும் சிவப்புன்னீங்க."

"போன வாரம் தப்பாச் சொன்னேன்."

"ரெண்டு வருஷம் நிக்கலையே உங்க தங்கச்சி வண்டி? அத விட்டுட்டு வேற வாங்குறதுன்னா நான் காரணம் எழுதணும். என்ன காரணம்?"

எஞ்சினைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர், அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பாப்பாவின் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. உண்மையைச் சொன்னால் தங்கையின் மலை போய்விடும். சொல்லாவிட்டால் இந்த நான்கு பேரின் கையும் போகும். பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மடியில் கைகோத்துக்கொண்டு, புது வண்டி வரப்போகிற சந்தோஷத்தில் இருந்தாள்.

"சிவப்பு உதறும் டாக்டரம்மா," என்றார் கடைசியில். "மூணு மணி நேரம் பிடிச்சா கை மரத்துப்போகும். அட்டையில எழுதியிருக்கேன், என் வீட்டுக்காரிய வச்சுப் பாத்திருக்கேன்."

"அது ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியாது." இரண்டு கையையும் எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். "இதுதான் காரணம். இந்தக் கையில ஒண்ணுமே தெரியாது. அது பெருமைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எழுதிக்குங்க, தேர்வு பண்ணினவன் கை செத்த கைன்னு."

டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு மரக்குச்சியை எடுத்து, ஒடித்து, கூர் வந்த முனையை விரலில் தொட்டுப் பார்த்தார். "கண்ண மூடிக்கங்க. குத்துறப்ப எல்லாம் சொல்லுங்க."

தராசு கண்ணை மூடினார். டாக்டர் வலது கட்டைவிரல் நுனியில் குத்தினார். அடுத்தது ஆள்காட்டி விரல். நடுவிரல். எட்டு விரல் முடிந்து ஒன்பதாவதற்கு வந்துவிட்டார். தராசு மூடிய கண்ணோடு, நிமிர்ந்து, ரொம்பப் பணிவாக, "நான் தயாரா இருக்கேன் டாக்டரம்மா, ஆரம்பிங்க," என்றார்.

கதவோரம் அசைவு கேட்டது. பாப்பா நடந்து வந்தார். கோட்டுப் பையிலிருந்து கைகளை எடுத்து, அண்ணனின் கைகளுக்குப் பக்கத்தில், மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். விரல் நுனிகள் வெளிறி, சோப்பில் ஊறிய மாதிரி இருந்தன. டாக்டர் குச்சியைக் கையில் பிடித்தபடி அவற்றையே பார்த்தார்.

எதுவும் நடக்காததால் தராசு கண்ணைத் திறந்தார். மேஜையில் நான்கு கைகள் இருந்தன. தன்னுடையதை எடுத்துக்கொண்டார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, தங்கை உட்கார வசதியாக அவருக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.